சிவப்புக்குப் பச்சை

அந்த வருஷம் ஆவணிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் ஞானதாஸ் அதே பாய்மரத்தில் மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டார். முப்பது அடி மரம். ஏணி சாத்த இடம் கிடையாது. ஒரு பலகைத் துண்டின் இரண்டு முனையிலும் துளையிட்டுக் கயிறு கட்டி அதில் அவர் உட்காருவார். கீழே நின்று அர்த்தநாரி கப்பிக் கயிற்றை இழுப்பான். கிணற்றிலிருந்து வாளி ஏறுவது போல அவர் மேலே போவார். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கிக் கால் ஊன்றிய பிறகுதான் இரண்டு முழங்காலும் யாரோ கடன் கொடுத்தவை போல இருக்கும்.

மேட்டூரில் அணை எழும்பித் தண்ணீர் தேங்கி நான்கு வருஷம் ஆகியிருந்தது. அணை வேலைக்கென்று சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த ஞானதாஸ், வேலை முடிந்தும் ஊர் திரும்பாமல் வயர்மேனாக அங்கேயே தங்கிவிட்டார். வயது நாற்பத்தெட்டு. மனைவி இன்னாசிமேரியும் அவரும் மட்டும்தான். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பகலில் பட்டறை, வாரத்தில் சில நாள் இரவில் மின்சாரக் கூடத்தில் காவல் வேலை. ஐப்பசியில் இன்னொரு வயர்மேன் மலைக்காய்ச்சலில் படுத்துவிட, அந்த ஆளின் முறையும் இவர் தலையில் விழுந்தது.

அந்த மரம் நின்ற பாய்ப்படகு நீரளவு ஆபீசுக்குச் சொந்தமானது. செவ்வாயும் வெள்ளியும் அது அரிசி, பருப்பு, கணக்கு நோட்டுகளோடு அக்கரைக் கொட்டகைக்குப் போகும். அங்கே தண்ணீர் மட்டத்தையும் மழையையும் குறித்துவைக்க இரண்டு பேர் இருந்தார்கள். காலையில் போன படகு சாயங்காலம் இருட்டுகிற சமயத்துக்குத்தான் கரை திரும்பும். கடல் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர் கட்டுவித்த படகு அது. கடலானால் என்ன, ஏரியானால் என்ன, படகுக்கு விளக்கு முறை ஒன்றுதான் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். மர உச்சியில் வெள்ளை விளக்கு. மரத்தின் பாதிக்கு மேலே ஒரு குறுக்குக் கட்டை. அதன் இடது முனையில் சிவப்பு, வலது முனையில் பச்சை. மூன்றுக்கும் கீழே ஒரு மோட்டார் பேட்டரி.

முதலில் பரிசல்காரர்கள் சிரித்தார்கள். தேர் வருகிறது என்று கேலி பேசினார்கள். ஆனால் ஆறே மாதத்தில் அவர்கள் அந்த விளக்குகளைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சிவப்பு மட்டும் தெரிந்தால் படகு நம் இடது கைப் பக்கமாகப் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால் வலது கைப் பக்கமாகப் போகிறது. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேரே நம்மைப் பார்த்து வருகிறது, விலகிக்கொள்ள வேண்டியதுதான். எஞ்சினீயர் கப்பலேறிப் போய்விட்டார். விளக்குகளும் அந்தப் பழக்கமும் ஏரியில் நின்றுவிட்டன.

அந்த விளக்குகள்தான் இப்போது மக்கர் செய்தன. பல்பு மாற்றினால் ஒரு வாரம் எரியும், பிறகு கண் சிமிட்டும், பிறகு அணைந்துவிடும். ஓவர்சியர் அருணகிரி ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சுத்தான் பேசுவார்.

"பல்பை மாத்திட்டுப் போய்யா. அதுக்குப் போய் ஒரு நாளா?"

மூன்றாம் தடவை ஏறியபோது ஞானதாஸ் பல்பைத் தொடவில்லை. வயரைத் தடவிக்கொண்டே வந்தார். உச்சியிலிருந்து ஒரு முழம் கீழே, பாய் ஏற்றும் கயிறு உராய்கிற இடத்தில் ரப்பர் தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. ஹோல்டருக்குள் களிம்பு பச்சையாகப் பூத்துக் கிடந்தது. விளக்குக் கூட்டின் பித்தளையை விரலால் அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கியது.

இறங்கி வந்து அவர் சொன்னார்: "மரத்தைக் கழட்டிக் கீழ போடணும். வயரு, கூடு, ஹோல்டரு எல்லாம் புதுசு. இல்லாட்டி தை மாசம் வரைக்கும் நீ என்னை இழுத்துக்கிட்டே இருக்கணும்."

"நா இளுக்கறதுக்குச் சலிக்கலீங்க மேஸ்திரி. நீங்கதான் நாளுக்கு நாள் கனத்துப் போறீங்க," என்றான் அர்த்தநாரி.

அர்த்தநாரிதான் படகோட்டி. ஏரிக்குள் முழுகிப்போன ஒரு ஊரில் சோளமும் கம்பும் விதைத்துக்கொண்டிருந்தவன். தன் சோளக்காடு கிடந்த இடத்துக்கு மேலேயே சுக்கான் பிடித்துக்கொண்டு போவான். அதைப் பற்றி ஒரு நாளும் பேச மாட்டான்.

ஞானதாஸ் மூன்று முறை எழுதிக் கொடுத்த பிறகு சாமான்கள் வந்தன. நல்ல தடித்த ரப்பர் வயர், மூன்று புதிய பித்தளைக் கூடுகள். பழைய கூடுகளில் நிறக் கண்ணாடி கூட்டோடு ஒட்டியே வந்திருந்தது. புதியவற்றில் பக்கவாட்டுக் கூடு இரண்டும் ஒரே மாதிரி, நிறக் கண்ணாடியை நாம்தான் உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை, படகை அன்றைக்குப் போக விடாமல் நிறுத்தி, எட்டுப் பேர் சேர்ந்து மரத்தைக் கழற்றிக் கரையில் இரண்டு கட்டைகளின் மேல் கிடத்தினார்கள்.

அதற்கு முந்தைய இரண்டு இரவும் ஞானதாஸ் கண் மூடவில்லை. மின்சாரக் கூடத்திலிருந்து நேரே கரைக்கு வந்திருந்தார். இன்னாசிமேரி தூக்குவாளியில் கொடுத்தனுப்பிய கஞ்சியைக் குடித்துவிட்டு வேலையில் உட்கார்ந்தார். வேலை நல்ல வேலை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. கயிறு உராயாதபடி வயரை மரத்தின் மறுபக்கமாகக் கொண்டுபோனார். சாணுக்கு ஒரு தோல்பட்டை வைத்து ஆணி அடித்தார். கூட்டின் மூடிக்கு அடியில் மெழுகு பூசிய நூல் சுற்றினார், ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. பக்கவாட்டு விளக்குகள் தத்தம் பக்கம் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காகக் குறுக்குக் கட்டையில் தகரம் வெட்டி மறைப்பு வைத்தார். இடது கைப் பக்கம் சிவப்பைச் செருகினார், வலது கைப் பக்கம் பச்சையைச் செருகினார். பேட்டரியைக் கொடுத்துக் கையால் வெயிலை மறைத்துப் பார்த்தார். மூன்றும் எரிந்தன.

மத்தியானம் மூன்று மணிக்கு மரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். "பாருங்க மேஸ்திரி, மாப்பிள்ளையாட்டம் நிக்குது," என்று அர்த்தநாரி கூப்பிட்டான். ஞானதாஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மின்சாரக் கூடத்து அடுத்த முறைக்கு நடந்துவிட்டார். கழுத்தை நிமிர்த்துவதற்கே ஒரு ஆள் வேண்டும் போல இருந்தது அவருக்கு.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை.

காலையிலிருந்தே பிசுபிசுவென்று தூறல். அக்கரையிலிருந்து படகு திரும்பி வருகையில் பொழுது இறங்கிவிட்டது. பாலமலைப் பக்கமிருந்து மேகம் தண்ணீர்மட்டம் வரைக்கும் தொங்கியது. அதே நேரத்தில் சடையன் என்ற பரிசல்காரன் தன் மனைவி மாரக்காளோடு கொளத்தூர்ச் சந்தையிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தான். பரிசலில் ஒரு மூட்டை கேழ்வரகும் ஒரு மண்ணெண்ணெய் டின்னும் இருந்தன. மழைத்திரையில் அவர்களுக்குப் பாயும் தெரியவில்லை, படகும் தெரியவில்லை. விளக்கு மட்டும் தெரிந்தது. பச்சை. படகு வலப்பக்கமாகப் போகிறது என்று எண்ணிச் சடையன் பரிசலை இடப்பக்கமாகச் செலுத்தினான். நேரே படகின் மூக்குக்கு முன்னால் போய் நின்றான்.

அர்த்தநாரி பரிசலைப் பார்த்தபோது நாலு முழம்கூட இடைவெளி இல்லை. சுக்கானை முழுக்கத் தள்ளினான். படகு சாய்ந்தது, பாய் படாரென்று மறுபக்கம் விழுந்தது, மேலே குறுக்குக் கட்டை முறிந்தது. பரிசல் கவிழ்ந்தது. சடையனின் வலது கை பரிசலின் விளிம்புக்கும் படகுக்கும் நடுவில் சிக்கி நசுங்கியது. அர்த்தநாரி தண்ணீரில் குதித்து மாரக்காளைக் கூந்தலைப் பற்றி இழுத்து மேலே போட்டான். உயிர்ச்சேதம் இல்லை.

திங்கட்கிழமை விசாரணை. கை முழுக்கக் கட்டோடு வந்த சடையன் சொன்னது ஒரே வாசகம்தான்: "பச்செதானுங்க பாத்தேன்."

"படகு உன் இடப்பக்கமாத்தானே போச்சு, சிவப்புல்ல தெரியணும். பச்சை எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அருணகிரி.

"தெரியலீங்க. பச்செதானுங்க."

அர்த்தநாரிக்குக் கோபம். ஒரு பெண்பிள்ளை தன் படகடியில் செத்திருப்பாளே என்ற நடுக்கம் கோபமாக மாறியிருந்தது. "சந்தைக்குப் போயி ஊத்திக்கிட்டு வந்துருப்பானுங்க. பச்செயாமா, பச்செ!" என்றான். அதையே அருணகிரி எழுதினார். பரிசல்காரன் மதியிழந்த நிலையில் படகின் வழியில் குறுக்கிட்டான் என்று. சடையனின் பரிசல் சீட்டு ரத்தாயிற்று. சீட்டு இல்லாமல் அந்த ஏரியில் பரிசல் விடக் கூடாது, வலை போடக் கூடாது.

இதெல்லாம் ஞானதாஸுக்குச் செவிவழியாகத் தெரியும். அவ்வளவுதான். குடித்துவிட்டுப் பரிசல் ஓட்டினால் இப்படித்தான் என்று அவரும் எண்ணினார். அவரை உறுத்தியது வேறு: தான் பாடுபட்டு மாட்டிய விளக்கு மூன்றே நாளில் முறிந்து தொங்குகிறதே என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அர்த்தநாரி மறுபடி கயிற்றை இழுத்தான், அவர் மறுபடி மேலே போனார். நான்காம் தடவை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. குறுக்குக் கட்டையின் மட்டத்துக்கு வந்ததும் மரத்தைக் காலால் கட்டிக்கொண்டு இடது கையை நீட்டி, முறிந்து வயரில் தொங்கிய கூட்டைப் பிடித்தார். கூடு நசுங்கவில்லை. கண்ணாடியும் உடையவில்லை. நல்ல காலம், பச்சைக் கண்ணாடி பிழைத்தது என்று நினைத்தார்.

நினைத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தார். இடது கை.

கீழே பார்த்தார். படகின் மூக்கு அவருக்கு முன்னால் நீண்டிருந்தது. சுக்கான் முதுகுப் பக்கம். அவர் இடது கை எதுவோ அதுதான் படகின் இடது கை. வலப்பக்கம் திரும்பினார். முறியாத முனையில், அவர் வைத்த தகர மறைப்புக்குள், சிவப்புக் கண்ணாடி வெயிலில் மாதுளம் முத்தாட்டம் மின்னிக்கொண்டிருந்தது.

எப்படி நடந்தது என்று புரிய அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. இத்தனை நாளும் மரத்தில் ஏறி, முன்னோக்கி உட்கார்ந்து விளக்கு மாட்டியவர். அன்றைக்கு மரம் படுத்துக் கிடந்தது, முன்பக்கம் வானத்தைப் பார்த்தபடி. அடிமரத்தருகே உட்கார்ந்து பார்த்தால், எதிரே நிற்கும் ஆளின் இடது கை நம் வலது கைப் பக்கம் இருக்குமே, அப்படித்தான் அது. பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரியும் இது. அவர் தன் இடது கையை மரத்தின் இடது கையாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

"என்னுங்க மேஸ்திரி, மேலயே குடித்தனம் பண்றீங்களா?" என்று அர்த்தநாரி கீழிருந்து கத்தினான்.

"புதுக் கட்டை ஒண்ணு அனுப்பு. பட்டையும் ஆணியும் வை," என்றார் ஞானதாஸ். குரல் தன்னுடையது போலவே இருந்ததில் அவருக்கு ஆச்சரியம்.

புதுக் கட்டையை வைத்து இறுக்கினார். இரண்டு கூட்டையும் திறந்து கண்ணாடிகளை எடுத்தார். ஒரு நிமிஷம் சிவப்பு ஒரு கையிலும் பச்சை ஒரு கையிலும் இருந்தன. பிறகு இடதில் சிவப்பைச் செருகினார், வலதில் பச்சையைச் செருகினார், மூடியைத் திருகினார், நூல் சுற்றினார். அவ்வளவுதான். உலகத்தில் அவரைத் தவிர அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. அர்த்தநாரி சுக்கானில் இருப்பவன், மறைப்புத் தகரத்துக்குப் பின்னால் எந்த நிறம் எரிகிறது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. இறங்கி வந்து பையைக் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

அன்று தொடங்கி ஐந்து நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நல்லவராக இருந்ததால் தவித்தார், கெட்டவராக இருந்ததால் மறைத்தார் என்றெல்லாம் சொல்ல முடியாது. களைப்பு. வாயைத் திறந்து ஒரு சொல்லை எடுத்து இன்னொருவர் முன்னால் வைக்கிற தெம்பு இல்லை. வேலைக்குப் போனார், வந்தார், படுத்தார். தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய நின்றவர்களோடு தானும் போய் நின்றார். நாலு பேர் முன்னால் இருக்கையில் விலகி வெளியே வந்துவிட்டார். சாமியாரிடம் சொல்வது எளிது. சொல்லிவிட்டால் மனசு அதோடு ஆறிவிடுமே என்று அவருக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து இன்னாசிமேரியிடம் சொன்னார். அவள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். முறத்தை இறக்கி வைத்தாள்.

"அந்தாளுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"தெரியல."

"போய்ப் பாத்துட்டு வாங்க. இங்க உக்காந்து என்கிட்ட சொன்னா நான் என்ன செய்வேன்?" அவள் குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. "வேலை போயிடுமா?"

"போனாலும் போகும்."

அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, "அந்த அலுமினியக் குண்டானை மட்டும் மக ஊட்டுல குடுத்து வெச்சிருக்கேன். வாங்கிக்கணும்," என்றாள். வீடு காலி செய்வதைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று அவருக்குக் கொஞ்சம் கழித்தே புரிந்தது.

செவ்வாய்க்கிழமை சம்பளமில்லாத விடுப்புச் சொல்லிவிட்டு அர்த்தநாரியின் படகில் அக்கரைக்குப் போனார். விளக்கை ஓடும் படகில் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொன்னார். கொட்டகையிலிருந்து கால் மைல் நடந்தால் சடையன் குடிசை. வாசலில் ஒரு முருங்கை மரம். சடையன் அதன் அடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போடாத கையில் ஒரு முருங்கை இலையை வைத்துக்கொண்டு, அதை வெயிலுக்குக் காட்டிக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மேஸ்திரி, உக்காருங்க," என்றான். அணைப் பக்கத்து ஆட்களின் முகம் அவனுக்குத் தெரியும்.

மாரக்காள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முப்பது வயசிருக்கும். உள்ளே போகாமல் தூணோரம் நின்றுகொண்டாள். "நீங்களாச்சும் கேளுங்க சாமி. பத்து நாளா இப்பிடித்தான். எலயக் காட்டி இது என்ன நெறம்ங்கறாரு. என்ற சீலையக் காட்டி இது என்ன நெறம்ங்கறாரு. ராவெல்லாம் அதே பேச்சு. நானுந்தேன் பரிசல்ல இருந்தேன். நானுந்தேன் பச்செயப் பாத்தேன். என்னெ ஆரு கேட்டாங்க?"

"பொம்பளெ பேச்சுன்னு எளுத மாட்டாங்களாமா," என்றான் சடையன். "எனக்கே இப்பச் சந்தேகமாத்தேன் இருக்குதுங்க மேஸ்திரி. அன்னைக்கு ஒரு சொட்டுக் குடிக்கலீங்க. ஆனா ஓவர்சியர் அப்பிடிக் கேக்கறப்ப... செவப்பத்தேன் பாத்தனோ, கண்ணு மாத்திக் காட்டுச்சோன்னு. கண்ணு போச்சுன்னா பரிசல் சீட்டு இருந்துதான் என்ன பண்றது?"

ஞானதாஸ் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு சடையா. நீ பாத்தது பச்சைதான். நான் மாத்தி மாட்டிட்டேன். சிவப்பு இருக்கவேண்டிய இடத்துல பச்சையை வெச்சது நான்."

 அவரே தொடர்ந்து, மரம் படுத்துக் கிடந்ததையும் தான் உட்கார்ந்த பக்கத்தையும் கையால் காட்டி விளக்கினார். விளக்கும்போதே, எதற்கு இதை விளக்குகிறோம், விளக்கினால் கை சரியாகிவிடுமா என்று தோன்றியது. நிறுத்திவிட்டார்.

சடையன் இலையைக் கீழே போட்டான். "அப்பப் பச்செதானுங்க?"

"பச்சைதான்."

"ரெண்டு பேரும் பாத்தது பச்செ." அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் அழுகைக்குப் போகிறதா, சிரிப்புக்குப் போகிறதா என்று தெரியவில்லை. "கேட்டியா புள்ளெ? கண்ணு நல்லாருக்குதாமா."

மாரக்காள் சிரிக்கவில்லை. "கண்ணு நல்லாருக்குது. கையி?" என்றாள் ஞானதாஸைப் பார்த்து. "வெரலு மடங்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரில இனி மடங்காதுன்னு சொல்லிப்போட்டாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?"

 தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவளும் பதிலுக்காகக் கேட்கவில்லை போலும், உள்ளே போய்விட்டாள். சற்று நேரம் கழித்து அவர் எழுந்தபோது சடையன், "ஆபீசுலயும் சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"சொல்றேன்."

திரும்பி வரும் வழியில், ஏரியின் நடுவில், அர்த்தநாரியிடமும் சொன்னார். அவன் சுக்கானைப் பிடித்தபடியே இருந்தான். காற்று நின்று பாய் தொய்ந்தபோதுகூட அதைக் கவனிக்கவில்லை.

"நா அவனெக் குடிகாரன்னு சொன்னனே மேஸ்திரி. அத்தனெ பேரு முன்னால."

"உனக்குத் தெரியாது."

"தெரியாமத்தேன் சொன்னேன். தெரியாததெச் சொல்லாம இருந்துருக்கலாமில்ல?" 

அருணகிரி ஓவர்சியர் முதலில் சிரித்தார், பிறகு எரிந்து விழுந்தார். "யோவ், விசாரணை முடிஞ்சு காகிதம் மேல போயாச்சு. இப்ப விளக்கு சரியாத்தானே இருக்கு? போய் வேலையப் பாருய்யா. எதுக்கு நீயே உன் தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கறே?" உண்மையில் அவருக்குப் பயம். விளக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியவர் அவர்.

ஞானதாஸ் மறுநாள் ஆபீசர் அறைக்கு வெளியே நின்றார். காலையில் நின்றவரை மத்தியானம் கூப்பிட்டார்கள். ஆபீசர் வெள்ளைக்காரர் இல்லை, நம் ஊர்ப் பக்கத்து மனிதர்தான், கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். முழுக்கக் கேட்டுவிட்டு, மேசையில் இரண்டு பென்சில்களை எடுத்து, மரம் எப்படிக் கிடந்தது என்று வைத்துக் காட்டச் சொன்னார். ஞானதாஸ் வைத்துக் காட்டினார். ஆபீசர் தன் நாற்காலியில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டார்.

"இதை வேற யார் பார்த்தது?"

"யாருமில்லீங்க ஐயா."

"நீயே சரி பண்ணிட்டே. அப்புறம் ஏன் வந்து சொல்றே?"

"அந்தாள் தன் கண்ணையே நம்ப மாட்டேங்கறானுங்க. இலையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான்."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை நாளாச்சு நீ சரியாத் தூங்கி?" என்று கேட்டார். ஞானதாஸ் மேசையில் கிடந்த இரண்டு பென்சிலையும் எடுத்து ஒன்றாகச் சேர்த்து வைத்தார். 

எட்டு நாளில் உத்தரவு வந்தது. சடையனுடைய பரிசல் சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. படகு விளக்குகளை மாற்றும்போதெல்லாம் இனி தண்ணீரில் நிறுத்தி, எதிரேயிருந்து ஓவர்சியர் பார்த்துக் கையெழுத்திட வேண்டியது. வயர்மேன் ஞானதாஸைப் பட்டறையிலிருந்து விலக்கிப் பள்ளிபாளையம் பக்கம் கம்பி இழுக்கும் கூட்டத்தில் சேர்க்க வேண்டியது. வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் எல்லாம் இருபது, இருபத்தைந்து வயசுக்காரர்கள். வெயிலில் கம்பம் கம்பமாக ஏற வேண்டும். வீடு கிடையாது, கூடாரம்தான்.

அருணகிரி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டறையில் சிலர், சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் அவர் சாமான் பையைக் கட்டித் தூக்கிக் கொடுத்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அர்த்தநாரி வீட்டுக்கு வந்தான். உட்கார மாட்டேன் என்றான். "மூங்கில் வெட்டிக் கொண்டுபோய்க் குடுத்தனுங்க. புதுப் பரிசல் கட்டறாங்க. மாரக்காளே துடுப்புப் போட்டுக்குவாளாமா. சீட்டு அவன் பேர்ல, கை அவளுது. பொம்பளெ துடுப்புப் போடக்கூடாதுன்னு ஓவர்சியர் சொன்னதுக்கு, அது சீட்டுல எங்க எளுதியிருக்குதுன்னு கேட்டாளாமா."

"உன்கிட்டப் பேசினானா?"

"சடையனா? இல்லீங்க. மூங்கிலை வாங்கிக்கிட்டான். அது போதுமுங்க எனக்கு." சற்று நின்று, "புது வயர்மேன் வந்துருக்காருங்க. மேல ஏற மாட்டேங்கறாரு. தலெ சுத்துதாமா," என்றான். ஞானதாஸ் சிரித்தார். சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்ததால் இருமல் வந்துவிட்டது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினார்கள். இரண்டு மூட்டை, ஒரு தகரப் பெட்டி, மகள் வீட்டிலிருந்து வாங்கிவந்த குண்டான். கூட்டம் நிறைய. ஆனாலும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இன்னாசிமேரி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிபாளையத்தில் ஆற்றுத் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்குமா, கூடாரத்தில் பாம்பு வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராமல் திரும்பிப் பார்த்தாள்.

கண்டக்டர் விசில் ஊதவில்லை, பஸ் இன்னும் நகரவில்லை. ஞானதாஸ் கம்பியில் நெற்றியைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி, நன்றாகத் தூங்கிவிட்டிருந்தார். டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டரிடம் அவள் விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, முந்தானை முடிச்சைத் தானே அவிழ்த்தாள்.